பன்னீர் புஷ்பங்களும் ஒரு வரலாற்று நோட்டும்

1981ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமிழில் இரண்டு படங்கள் அடுத்தடுத்து வெளியாயின. ஒன்று பாரதி - வாசு இயக்கிய 'பன்னீர் புஷ்பங்கள்'. மற்றொன்று பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை'. இரண்டுக்கும் இசை இளையராஜா. இரண்டிலும் காதலிப்பவர்கள் மீசை சரியாக அரும்பாத பையனும், தாவணி வயதுப் பெண்ணும். என் வயதுக்காரர்களுக்கு இந்தப் படங்களின் பாட்டுகள் இன்றும் மனப்பாடம். காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர்களில் ஒருவர் முதல் வரியை முணுமுணுத்தால் போதும், மற்றவர் அடுத்த வரியைப் பிடித்துக்கொள்வார்.

பாட்டைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வரலாறு சொல்லிக் கொடுத்தவன். ஆகவே எனக்கு வேறொரு கேள்வி. பள்ளிச் சீருடை போட்ட பிள்ளைகளின் காதல் ஏன் சரியாக அந்த ஆண்டுகளில் நம் திரைக்கு வந்தது? பத்து வருடம் முன்னால் ஏன் வரவில்லை?

அதற்கு முன்னால் இருந்த நிலைமையை நினைத்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய கதாநாயகர்கள் கையில் இரண்டு நோட்டுப் புத்தகத்தைச் சுழற்றிக்கொண்டு கல்லூரி மாணவராக வந்தார்கள். நாமும் கேள்வி கேட்காமல் கைதட்டினோம். காதல் என்றால் கல்லூரி. பள்ளிக்கூடம் என்றால் குழந்தை நட்சத்திரம். ஒரு பாட்டிலோ, ஓடும் சைக்கிள் சக்கரத்திலோ குழந்தை வளர்ந்து பெரியவர் ஆகிவிடுவார். எட்டு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் ஒரு வயது இருக்கிறது என்பதே நம் சினிமாவுக்குத் தெரியாது.

அந்த இடைவெளியை முதலில் அசைத்தவை வெளியிலிருந்து வந்த படங்கள். 1973இல் ராஜ் கபூரின் 'பாபி' வந்தது. டிம்பிள் கபாடியாவுக்கு அப்போது பதினாறு வயது. இந்தி தெரியாத நம்மூர் இளைஞர்களும் அந்தப் படத்தை விழுந்து விழுந்து பார்த்தார்கள். 1978இல் கே. பாலசந்தர் தெலுங்கில் 'மரோ சரித்ரா' எடுத்தார். தமிழில் மொழிமாற்றம் செய்யாமலேயே சென்னை சஃபையர் திரையரங்கில் ஏறத்தாழ அறுநூறு நாள் ஓடியது. மொழி புரியாவிட்டாலும் வயது புரிந்தது.

தமிழில் அந்த வயதைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துக் காட்டியவர் பாலு மகேந்திரா. 1979இல் வந்த 'அழியாத கோலங்கள்' படத்தில் மூன்று பையன்கள். ஊருக்குப் புதிதாக வரும் இளம் ஆசிரியையாக ஷோபா. பையன்களின் மனதுக்குள் நடக்கும் குழப்பத்தை அவர் கேலி செய்யவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. இருந்ததை இருந்தபடி காட்டினார். அது பையன்கள் பக்கத்துக் கதை. ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்கும் கதை இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது.

இந்த இரண்டு வருடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், என் பதிலை நான் ஸ்டூடியோவில் தேடமாட்டேன். கல்வித் துறையில் தேடுவேன்.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நம் காலத்தில் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தால் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டும். அடுத்தது கல்லூரியில் புகுமுக வகுப்பு, அதாவது பி.யூ.சி. பதினாறு வயதுப் பையன் முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போய்விடுவான். அவனுக்குக் காதல் வந்தாலும் அது கல்லூரிக் காதல் கணக்கில்தான் சேரும். பெண்ணுக்கோ பெரும்பாலும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. கல்லூரி டவுனில் இருந்தது. அவ்வளவு தூரம் அனுப்ப வீட்டில் யாருக்கும் மனம் வராது.

1978இல் தமிழ்நாட்டில் +2 வந்தது. பி.யூ.சி. போனது. உயர்நிலைப் பள்ளிகள் பல மேல்நிலைப் பள்ளிகள் ஆயின. 1980இல் முதல் +2 பொதுத்தேர்வு நடந்தது. இதைப் பாடத்திட்ட மாற்றமாக மட்டுமே நாம் அப்போது பார்த்தோம். ஆனால் வகுப்பறையில் நின்ற எனக்கு வேறொன்று தெரிந்தது. கல்லூரிக்குப் போயிருக்க வேண்டிய பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் இரண்டு வருடம் கூடுதலாகப் பள்ளிக்கூடத்திலேயே, அதே சீருடையில், அதே மணியடிக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்ன ஊர்களில் பெண்களுக்குத் தனிப் பள்ளி கிடையாது. ஆகவே முன்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றிருக்கக்கூடிய பெண்களும் "பக்கத்துல தானே இருக்குது" என்று +1 சேர்ந்தார்கள். இடது பக்க பெஞ்சில் பையன்கள், வலது பக்க பெஞ்சில் பெண்கள். நடுவில் மூன்றடி அகல நடைபாதை.

அதே 1978இல் இன்னொரு மாற்றமும் வந்தது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் திருத்தப்பட்டு, பெண்ணின் திருமண வயது பதினைந்திலிருந்து பதினெட்டாகவும், ஆணின் வயது பதினெட்டிலிருந்து இருபத்தொன்றாகவும் உயர்ந்தது. ஆக, பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து, "இவள் கல்யாணம் செய்துகொள்ள வேண்டியவள் அல்ல, படிக்க வேண்டியவள்" என்று அரசாங்கம் ஒரே ஆண்டில் இரண்டு வழியில் சொன்னது. இடையில் காணாமல் போயிருந்த அந்த வயது அப்போதுதான் நம் ஊரில் சட்டப்படி பிறந்தது. சினிமா மூன்று வருடத்தில் அதைக் கண்டுகொண்டது.

இப்போது 'பன்னீர் புஷ்பங்க'ளுக்கு வருகிறேன்.

சந்தான பாரதியும் பி. வாசுவும் இயக்குநர் ஸ்ரீதரிடம் பாடம் படித்தவர்கள். சேர்ந்து இயக்கிய முதல் படம் இது. பின்னாளில் ஒருவர் 'குணா', 'மகாநதி' எடுத்தார். இன்னொருவர் 'சின்னத்தம்பி', 'சந்திரமுகி' எடுத்தார். இந்தப் படத்தின் பள்ளிக்கூடம் ஊட்டியில் இருக்கிறது. மாணவன் பிரபுவாக சுரேஷ், மாணவி உமாவாக சாந்தி கிருஷ்ணா. வில்லன் என்று தனியாக ஒருவர் கிடையாது. பனி, யூகலிப்டஸ் மரங்கள், சுற்றுலாவில் ஒரு பாட்டு, வகுப்பில் ஒரு பார்வை. பிறகு வீட்டாருக்குத் தெரிகிறது. அவ்வளவுதான் கதை.

ஆனால் அந்தப் படத்தில் நான் இன்றும் நினைத்துக்கொண்டிருப்பது பிரபுவையும் இல்லை, உமாவையும் இல்லை. அவர்களுடைய ஆசிரியராக வரும் பிரதாப் போத்தனைத்தான். 'அழியாத கோலங்கள்' படத்திலும் நடித்தவர் அவர். நிஜ வாழ்க்கையிலும் அதே மலையில், லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில் படித்து வளர்ந்தவர். அதனாலோ என்னவோ, அந்த ஆசிரியர் வேடம் அவருக்குச் சட்டை போலப் பொருந்தியது. அதுவரை நம் படங்களில் ஆசிரியர் என்றால் ஒன்று தெய்வம், இல்லையென்றால் கோமாளி. இவர் இரண்டும் இல்லை. பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிறார். காதலிப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. அதே சமயம், "வாருங்கள், நான் கல்யாணம் செய்து வைக்கிறேன்" என்றும் கிளம்பவில்லை. முதலில் படிப்பு, பிறகு மற்றது, அதுவரை பொறுத்திருங்கள் என்பதுதான் அவர் சொல்லும் புத்தி.

இது எவ்வளவு புதியது என்பதைப் புரிந்துகொள்ள மற்றப் படங்களின் முடிவுகளைப் பாருங்கள். 'மரோ சரித்ரா'வில் காதலர்கள் செத்துப்போகிறார்கள். 'அலைகள் ஓய்வதில்லை'யில் விச்சு பூணூலை அறுத்து எறிகிறான், மேரி சிலுவையைக் கழற்றி எறிகிறாள், இருவரும் ஊரை விட்டுப் போகிறார்கள். அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் விழுந்த கைதட்டல் என் காதில் இன்னும் இருக்கிறது. சாதியையும் மதத்தையும் எதிர்த்து இரண்டு சின்னப் பிள்ளைகள் நின்றது பெரிய விஷயம்தான். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் போன பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், அந்தப் பெண் மேற்கொண்டு படித்தாளா என்று படம் சொல்லாது. சாவு, ஓட்டம் என்ற இரண்டு வழிகள்தான் இளங்காதலுக்கு இருந்தன. காத்திருப்பது என்ற மூன்றாவது வழியை 'பன்னீர் புஷ்பங்கள்' காட்டியது. அந்த வழிக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. பக்கத்தில் காது கொடுத்துக் கேட்கிற ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது என் கதை.

1981இல் எனக்கு இருபத்தெட்டு வயது. கொங்கு நாட்டில் ஒரு சிற்றூர் மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். +2 வந்ததால் கிடைத்த வேலை அது. படம் வெளியாகி நான்கைந்து மாதம் கழித்து எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு வந்தது. ஒற்றை புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற மூன்று இடைவேளை. முறுக்கு விற்கிற பையன் மூன்று முறையும் வந்துவிடுவான். மணலில் உட்கார்ந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த ஆசிரியர் வரும் இடங்களில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு வாத்தியாராக இருக்க வேண்டும் என்று சக ஆசிரியரிடம் வீடு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரம் போயிருக்கும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் +2 வகுப்பின் நோட்டுகளைத் திருத்த வாங்கி வைத்திருந்தேன். ஒரு பெண்ணின் நோட்டில், பிரெஞ்சுப் புரட்சிக்கும் நெப்போலியனுக்கும் நடுவே, நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பிரித்துப் படித்தேன். எழுதியவன் பெயர் போடவில்லை, முதலெழுத்து மட்டும். ஆனால் கையெழுத்து எனக்குத் தெரியும், அதே வகுப்புப் பையன்தான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நோட்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கலாம். நான் தலைமையாசிரியர் அறைக்கு எடுத்துப்போனேன். எடுத்துப்போனபோது பயந்துதான் போனேன். பின்னால் ஏதாவது நடந்து, "வாத்தியாருக்குத் தெரிஞ்சும் சும்மா இருந்தார்" என்று ஊர் சொல்லுமே என்ற பயம். டாக்கீஸில் கலங்கிய கண் அப்போது கலங்கவில்லை.

மறுநாள் இரண்டு அப்பாக்களும் வந்தார்கள். பையனின் அப்பா எங்கள் முன்னாலேயே பெல்ட்டைக் கழற்றினார். நாங்கள் தடுத்தோம். அத்தோடு அவன் கதை முடிந்தது. மார்ச்சில் பரீட்சை எழுதினான், கல்லூரிக்குப் போனான், வேலைக்கும் போனான். பெண்ணின் அப்பா யாரையும் அடிக்கவில்லை, சத்தம் போடவும் இல்லை. துண்டைக் கையில் எடுத்து மடித்தபடி, "பத்து வரைக்கும் படிச்சதே சாஸ்திங்க சார். போதுமுங்க" என்றார்.

அந்தப் பெண் மறுநாள் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை நான் தினமும் கூப்பிட்டேன். பதில் வராது. வகுப்பு அமைதியாக இருக்கும். சில வாரம் கழித்து விதிப்படி பெயரைச் சிவப்பு மையில் அடித்தேன். அடித்தது என் பேனாதான். அடுத்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். வயது பதினேழு. பதினெட்டு என்று சொன்ன சட்டம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு ஊரே போய் மொய் எழுதியது.

அதன் பிறகு பள்ளிக்காதல் படம் எது வந்தாலும் நான் இந்தக் கணக்கோடுதான் பார்த்தேன். 2002இல் 'துள்ளுவதோ இளமை' வந்தது. தனுஷின் முதல் படம். அதில் வீட்டில் நிம்மதி இல்லாத பிள்ளைகள் வெளியே ஓடுகிறார்கள். ஊரெல்லாம் அதைத் திட்டியது. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். அந்தப் படத்தின் பெற்றோர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. 2004இல் பாலாஜி சக்திவேலின் 'காதல்' வந்தது. மதுரையில் பள்ளிக்கூடம் போகிற பெண், மெக்கானிக் பையன். அதில் காத்திருக்கச் சொல்ல யாருமே இல்லை. முடிவு என்ன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2018இல் '96' வந்தது. தஞ்சாவூரில் பத்தாம் வகுப்போடு பிரிந்துபோன இருவர் இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரே ஓர் இரவு பேசிக்கொள்கிறார்கள். தமிழ்நாடே அழுதது. நாங்கள் வாத்தியார்கள் கொஞ்சம் கூடுதலாக அழுதோம்.

சட்டமும் நகர்ந்தது. 2012இல் போக்சோ சட்டம் வந்தது. குழந்தைகளைச் சீரழிக்கிறவர்களிடமிருந்து காப்பாற்ற அது கட்டாயம் வேண்டிய சட்டம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே அதில் இடம் இல்லாததால், ஒரே வயதுப் பிள்ளைகள் இருவர் ஊரை விட்டு ஓடினாலும், பெண் வீட்டார் புகார் கொடுத்தால் பையன் அதே சட்டத்தில் மாட்டிக்கொள்கிறான். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்தது. இளவயதுக் காதல் உறவுகளைக் குற்றமாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் அல்ல என்பதையும் விளக்கியது. எங்கள் காலத்தில் பெண்ணின் படிப்பு போனது. இப்போது பையனின் வாழ்க்கையும் சேர்ந்து போகிறது. இரண்டு காலத்திலும் விஷயம் முதலில் ஒரு பெரியவரின் கைக்குத்தான் வருகிறது. அவர் அதை எங்கே எடுத்துப்போகிறார் என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.

2010ஆம் ஆண்டு. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. வேறோர் ஊரில் தலைமையாசிரியராக இருந்தேன். ஜூன் மாதச் சேர்க்கை நேரம். ஓர் அம்மா தன் பெண்ணை +1 சேர்க்க வந்தார். விண்ணப்பத்தை நீட்டிவிட்டு நின்றார்.

"என்னைத் தெரியுதுங்களா சார்?"

தெரிந்தது. நெற்றியும் அந்தக் குரலும் மாறவில்லை. உட்காரச் சொன்னேன். கணவர் லாரி ஓட்டுகிறார் என்றும், இரண்டு பையன்களுக்குப் பிறகு கடைசியாகப் பிறந்த பெண் இது என்றும் சொன்னார். மகளைச் சேர்க்கைக் கட்டணம் கட்ட அனுப்பினேன். அவள் வெளியே போனதும் அவர் கேட்டார்:

"அந்தக் காயிதத்த நான் பார்க்கவே இல்லீங்க சார். நோட்டு உங்ககிட்ட வந்தப்புறம்தான் அது அதுல இருக்குதுன்னே எனக்குத் தெரியும். அதுல என்னதானுங்க எழுதியிருந்துச்சு?"

இருபத்தெட்டு வருடம். யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. எனக்கு ஒவ்வொரு வரியும் நினைவிருந்தது. சொன்னேன். உன் கையெழுத்து அழகாக இருக்கிறது, எனக்கு அப்படி எழுத வராது, பொங்கல் விடுமுறைக்கு இந்த நோட்டைக் கொடுத்தால் பார்த்து எழுதிவிட்டுத் தருகிறேன், உன்னோடு பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, பயமாக இருக்கிறது. இவ்வளவுதான் இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இதுக்குத்தானுங்களா சார்?"

நான் பதில் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவர் மகள் ரசீதோடு உள்ளே வந்துவிட்டாள்; வாய் வரை வந்தது நின்றுபோனது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த ஒரு வருடத்தில் என் மேசைக்கு அப்படி இரண்டு கடிதங்கள் வந்தன. கொண்டுவந்த ஆசிரியர்கள் பெற்றோரைக் கூப்பிடச் சொன்னார்கள். நான் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, அவர்கள் பேசி முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் இருந்தேன். நான்கு பேரும் பரீட்சை எழுதினார்கள். அவருடைய மகளும் 2012இல் +2 முடித்து நர்சிங் சேர்ந்தாள். அந்தச் செய்தியை அவரே தொலைபேசியில் சொன்னார்.

பிரதாப் போத்தன் 2022 ஜூலையில் காலமானார். செய்தியைக் கேட்ட அன்று இரவு 'பன்னீர் புஷ்பங்கள்' படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இந்த முறை இடைவேளை எதுவும் இல்லை.